ஐஸ் கம்பெனிக்காரனின் வீகன் விடுமுறை

என் பிழைப்பு மீனுக்கு ஐஸ் விற்பது. ராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு மேனேஜர். கடலுக்குப் போகிற விசைப்படகுகள் எங்களிடம் ஐஸ் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். செத்த மீன், தான் செத்ததை யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் கரை வந்து சேர வேண்டும். அந்த நல்ல காரியத்துக்குத்தான் நாங்கள் இருக்கிறோம். இப்படிப்பட்ட ஒருவன் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் நீட்டிய விளமீன் பையைக் கையில் வாங்காமல் என் மனைவி அறிவித்தாள்.

"இனிமே நான் மீன் சாப்பிட மாட்டேன். கறியும் முட்டையும் கிடையாது."

இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. "எந்தச் சாமிக்கு?" என்று கேட்டேன்.

"சாமிக்கு இல்ல. பால், தயிர், நெய், தேன், அதுகளும் கிடையாது. இதுக்குப் பேரு வீகன்."

சாமிக்கே தினம் குடம் குடமாகப் பாலை ஊற்றுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னாள். போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஏன் இந்த முடிவு என்று கேட்டால், கரும்பலகையில் போடுவதுபோல ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்து, 'ஆகவே' என்று முடிப்பாள். அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

"நீங்க வெளிய சாப்பிட்டுக்கங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்தல," என்றாள். கல்யாணமான ஆண்களுக்கு இந்த வாக்கியத்தின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வருஷம் ஓடியது. அவள் மாறவில்லை. சாப்பிடுகிற இடத்தை மாற்றிக்கொண்டது நான்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வறுத்த மீன் விற்கிற கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூலே ஒதுக்கிவிட்டார்கள்.

அடுத்த மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். எங்கள் கம்பெனியும் மெஷினைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். அவளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் ரெண்டு பேர் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. போனதெல்லாம் ஒன்று அடுத்தவர் கல்யாணத்துக்கு, இல்லையென்றால் கருமாதிக்கு. அதனால் நானே வாய் திறந்து, "எங்கயாவது போயிட்டு வருவமா? கொடைக்கானல்?" என்று கேட்டேன்.

அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அதில் ஒரு சிவப்புப் பசுமாடு. ஒரு கண் இல்லை. இருக்கிற கண்ணால் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

"இங்க போவோம்," என்றாள்.

அபிராமத்துக்கு அங்கிட்டு, கருவேலங்காட்டுக்கு நடுவில், ஒரு காப்பகமாம். பால் வற்றியதும் ரோட்டில் விடப்பட்ட மாடுகள், டிராக்டர் வந்த பிறகு வேலை போன காளைகள், லாரியிலிருந்து விழுந்து பிழைத்த ஆடுகள், செங்கல் சூளையில் மண் சுமந்து முதுகு போன கழுதைகள் எல்லாம் அங்கே நிம்மதியாக இருக்கின்றனவாம். பார்க்க வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ள ஒரு அறையும் உண்டு. மே மாதத்தில் ராமநாதபுரம் ஜில்லாவின் வெயிலை விட்டு ஓடுவதற்குத்தான் ஊர் உலகம் விடுமுறை எடுக்கிறது. நாங்கள் அந்த வெயிலின் நடுமையத்துக்கே போவது என்று முடிவானது. மறுநாள் காரங்காட்டுக்குப் போய்ப் படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம் என்று நான் சேர்த்துக்கொண்டேன். எனக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா.

"அப்ப நீங்களே பிளான் பண்ணிருங்க. சாப்பாடு மட்டும் கவனம்," என்றாள்.

அந்தச் சாப்பாட்டுக் கவனத்தில் எனக்கு ஒரு வாரம் போனது.

முதலில் ராமநாதபுரத்தில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு சைவ ஹோட்டலுக்குப் போன் செய்தேன். "உங்க சாம்பார்ல நெய் சேப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வழக்கமாச் சேக்குறதில்ல சார். நீங்க கேக்குறதால ஸ்பெஷலாச் சேத்துருவோம்," என்றார் அந்த மனிதர் பெருந்தன்மையோடு.

"வேண்டாம்னுதான் கேக்குறேன்."

"கொலஸ்ட்ராலா சார்?"

"ஆமா," என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட வியாதியைச் சொல்வது சுலபமாக இருந்தது.

அடுத்து காரங்காடு. படகுச் சவாரிக்கு வருகிறவர்களுக்கு ஊர்ப் பெண்கள் சேர்ந்து சமைத்துப் போடுவதாகச் சொல்லி ஒரு நண்பர் நம்பர் கொடுத்திருந்தார். போனை எடுத்த அம்மா உற்சாகமாக ஆரம்பித்தார். "நண்டு, இறா, கணவா, மீனு, எது வேணும்ணே?"

"அதெல்லாம் இல்லாம என்ன இருக்கு?"

"கோழி?"

"கோழியும் இல்லாம."

"முட்டை அவிச்சுத் தரவா?"

"முட்டை, பால், மோரு எதுவும் ஆகாது."

"அண்ணே, நீங்க சாப்பிட வாரீகளா, விரதம் இருக்க வாரீகளா?"

எனக்கு இல்லை, என் வீட்டுக்காரிக்குத்தான் என்று மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அவர் யோசித்துவிட்டு மிகவும் பரிவோடு சொன்னார்: "அப்ப ஒண்ணு செய்யிறேன். நண்ட எடுத்துப்புட்டு வெறுங் கொழம்ப மட்டும் ஊத்துறேன்."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கி, வத்தக்குழம்பு, அவரைக்காய், தேங்காய்த் துவையல் என்று சொல்லிப் பேச்சை முடித்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில், பரீட்சையில் தேறாத பையன்களை அவள் எப்படிப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரிந்தது.

இதெல்லாம் சரியான பிறகு, கிளம்புவதற்கு முந்தின நாள் காப்பகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. தோலால் ஆன எந்தப் பொருளையும் வளாகத்துக்குள் கொண்டுவர வேண்டாம், உள்ளே இருப்பவர்களுக்கு அது வருத்தம் தரும் என்று எழுதியிருந்தது. உள்ளே இருப்பவர்கள் என்றால் மாடுகள். என் இடுப்பைப் பார்த்துவிட்டு ஒரு காளை, "இது எங்க சித்தப்பால்ல?" என்று கேட்கும் நிலைமை வரக்கூடாது என்பது நியாயம்தான்.

ஆனால் என்னிடம் இருந்தது எல்லாமே தோல். செருப்பு, ஷூ, பெல்ட், பர்ஸ், கைக்கடிகாரத்தின் வார் வரைக்கும் மாட்டை நம்பித்தான் நான் மரியாதையாக நடமாடிக்கொண்டிருந்தேன். பெல்ட் இல்லாமல் இடுப்பில் நிற்கிற கால்சட்டை ஒன்றே ஒன்றுதான், கம்பெனியில் வேலை நேரத்தில் போடுகிற காக்கி. தோல் இல்லாத காலணியும் ஒன்றுதான். அதே கம்பெனியில் ஐஸ் தொட்டிகளுக்கு மேலே நடக்கப் போட்டுக்கொள்கிற கான்வாஸ் ஷூ. ரெண்டையும் எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். பெண்டாட்டியோடு விடுமுறைக்குப் போகிறவன் மாதிரி தெரியவில்லை. கம்ப்ரஸர் ரிப்பேருக்குப் போகிறவன் மாதிரி இருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் என் மனைவி. அவள் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை. ஒற்றைக்கண் பசுவுக்கு வெள்ளரிப்பிஞ்சு கழுவிக்கொண்டிருந்தாள்.

பாம்பன் பாலத்தைத் தாண்டும்வரை பயணம் சுகமாக இருந்தது, ஏனென்றால் ஜன்னல் வழியே கடல் காற்று வந்தது. மண்டபம் தாண்டியதும் காருக்குள் இருந்த காற்று தன் உண்மையான வாசனையைக் காட்டியது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு மீன் சாம்பிள் கொண்டுபோய்க் கொண்டுபோய் என் கார் மீனாகவே ஆகிவிட்டது. முந்தின நாள் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தேன். இப்போது எலுமிச்சை பிழிந்த மீன் மாதிரி மணந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

ராமநாதபுரத்தில் இட்லி சாப்பிட்டோம். போனில் பேசிய கொலஸ்ட்ரால்காரருக்கு என்று சர்வர் எனக்குத் தனியாகக் கவனித்து, சட்னியைக்கூடக் குறைத்தே ஊற்றினார். வியாதி இல்லாதவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

காப்பகத்து வாசலில் எங்களை முதலில் வரவேற்றவை பூனைகள். எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. கார் நின்றதும் டிக்கியைச் சுற்றி வளைத்து, சில பூனைகள் கார்க்கூரையிலும் ஏறி உட்கார்ந்து, திறக்கச் சொல்லிக் கத்தின. அந்தச் சத்தம் கேட்டுத்தான் காப்பகத்தை நடத்துகிற அம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் நர்சாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, சேர்த்து வைத்த பணத்தில் இந்த நிலத்தை வாங்கியவர். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். வாங்க என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் காலைப் பார்த்தார்.

"தோலு எதுவும் இல்லையே?"

இல்லை என்றோம்.

"சத்தம் போடாம வாங்க. அவுக இப்பத்தான் சாப்பிட்டுக் கண்ணசந்தாக."

யாரோ பெரியவர் படுத்திருக்கிறார் என்று நினைத்து நான் குனிந்து பணிவாக நடந்தேன். வேப்பமரத்தடியில் மூன்று எருமைகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அந்த அம்மாவுக்கு விலங்குகள் எல்லாம் 'அவுக'தான். ஒரு காளையைக் காட்டி, அவுகளுக்கு மூட்டு வலி என்றார். கிறிஸ்துமஸுக்காக வளர்த்து, அடிக்க மனசு வராமல் யாரோ கொண்டுவந்து விட்ட ஒரு வான்கோழியைக் காட்டி, அவுகளுக்குக் கோவம் ஜாஸ்தி, கிட்டப் போகாதீக என்றார். எங்களிடம் பேசும்போது மட்டும் குரலில் அந்தப் பணிவு இல்லை. "நீங்க ரெண்டு பேரும் அந்தச் சாக்குல உக்காருங்க," என்றார்.

ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார். கடலைப்பால் காப்பி. வறுகடலை விற்கிற தள்ளுவண்டியை மழையில் நனையவிட்டுப் பிழிந்து எடுத்தால் அந்த ருசி வரும். என் மனைவி கண்ணை மூடி ரசித்துக் குடித்தாள்.

அப்புறம் அந்தச் சிவப்புப் பசு இருக்கிற கொட்டகைக்குக் கூட்டிப் போனார். என் மனைவியின் நடையே மாறிவிட்டது. ஒரு வருஷமாக அந்த மாட்டை அவள் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குக் காய்ச்சல் வந்தது, குணமானது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பைக்குள்ளிருந்து வெள்ளரிப்பிஞ்சை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் போய் நின்றாள்.

பசு வெள்ளரியை மோந்து பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, பின்னால் கைகட்டி நின்ற என் ஷூவை நக்கியது.

நான் பின்வாங்கினேன். அதுவும் கூடவே வந்தது. ஷூவை முடித்துக்கொண்டு முழங்காலுக்கு ஏறியது. மாட்டின் நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காக்கித் துணியைத் தாண்டி உள்ளே என் தோல் உரிந்தது. தோல் கொண்டுவரக்கூடாது என்ற விதிக்கு அவர்கள் பக்கமும் ஒரு மரியாதை வேண்டாமா?

"அசையாதீக!" என்றார் அந்த அம்மா. "அவுக யாருகிட்டயும் போக மாட்டாக. சிலரோட மனசு அவுகளுக்குத் தெரிஞ்சிரும். நீங்க எத்தனை வருஷமா வீகன்?"

முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் தின்ற வறுத்த நெத்திலி என் வயிற்றில் இன்னும் முழுதாகக் கரையவில்லை. "ரொம்ப வருஷம் ஆகல," என்றேன்.

அன்றைக்குப் பகல் முழுக்க இதே கதைதான். ஆடுகள் மந்தையாக என் பின்னால் வந்தன. முதுகு போன கழுதை தன் வலியை மறந்து என்னிடம் ஓடி வந்தது. மூட்டு வலிக்காரக் காளையும் எழுந்து நின்றது. இத்தனை வருஷத்தில் கம்பெனியில் நான் கூப்பிட்டு ஒருத்தன் உடனே வந்ததில்லை. இங்கே ஒரு ஊர்வலமே வந்தது. முதல் ஒரு மணி நேரம் எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்த அம்மா தன் போனில் என்னைப் பல கோணத்தில் படம் எடுத்தார். படத்தில் என் மனைவி வந்துவிடக் கூடாது என்று, "நீங்க கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க," என்றார்.

அவள் அங்கிட்டு நின்றாள். கையில் வெள்ளரிப்பிஞ்சு வாடிப்போயிருந்தது.

சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, எங்களுக்குக் கொடுத்திருந்த அறையின் வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதாவது நக்கலாகச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று ரெண்டு மூன்று வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"நான் குடுத்தத ஒண்ணுகூட வாங்கல."

"வெயிலு. பசி இருந்திருக்காது."

"உங்களப் பாத்தா மட்டும் பசி வருதாக்கும்?"

அவள் கருவேலங்காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஸ்டாஃப் ரூம்ல எனக்குப் பேரே வச்சிருக்காங்க. தழையாம். உங்க தங்கச்சி மக கல்யாணப் பந்தியில, எல்லாருக்கும் போட்ட பிறகு, சோறும் ஊறுகாயும் வச்சு, நோயாளிக்குப் போடுற மாதிரி ஓரத்துல உக்கார வச்சாங்க. வாரவங்க போறவங்க எல்லாம் உடம்புக்கு என்னன்னு கேட்டாங்க. அப்பல்லாம், ஒரு நா இங்கன வந்து அந்த மாட்டுக்குப் பக்கத்துல நின்னாப் போதும்னு நெனச்சுக்குவேன். என்னமோ, அதுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்தக் கல்யாணம் எனக்கு ஞாபகம் இருந்தது. மட்டன் சுக்கா பிரமாதமாக இருந்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன போட்டார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து ஷூவைக் கழற்றினேன். கழற்றி வைத்ததும் ஒரு ஆட்டுக்குட்டி வந்து என்னை ஏறிட்டும் பார்க்காமல் ஷூவை நக்க ஆரம்பித்தது. நான் தள்ளி உட்கார்ந்தேன். அது நகரவில்லை. என் மனசை அறிந்த ஜீவன், நான் எங்கே போனாலும் கவலைப்படாமல் ஷூவோடு இருந்தது. அப்போதுதான் கான்வாஸ் துணியில் பூத்திருந்த வெள்ளைக் கோடுகள் என் கண்ணில் பட்டன.

ஐஸ் கட்டுகிற தொட்டியில் இருப்பது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் நிரப்பிய டப்பாக்களை அதற்குள் இறக்கி வைத்துத்தான் உறைய வைப்போம். அதற்காக மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு கொட்டுவோம். அங்கே நடமாடுகிறவன் உடுப்பெல்லாம் உப்பு ஏறி, எத்தனை முறை துவைத்தாலும் காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். இந்தக் கோடையில் இந்தச் சீவன்களுக்கு உப்பென்றால் எப்படி இருந்திருக்கும்!

"உப்பு," என்றேன்.

"என்ன உப்பு?"

"என் மனசுமில்ல, மண்ணுமில்ல. கம்பெனி உப்பு. ஷூவுல, பேண்ட்டுல எல்லாம்."

அவள் கணக்கு டீச்சர் அல்லவா, சொன்னதை அப்படியே நம்ப மாட்டாள். இன்னொரு ஷூவை எடுத்து, விரலால் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள். நான் தடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

"ஆமா," என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அடங்காமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "சிலரோட மனசு தெரிஞ்சிரும்ங்குது அந்தம்மா! நெத்திலி தின்ன மனசு!"

நெத்திலி விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

காலையில் அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பற்றி ஏற்கெனவே நாலு வரி எழுதிப் படத்தோடு போட்டுவிட்டாராம். "மாட்டுக்கு உப்புக்கட்டி வழக்கமாத் தொங்கவிடுவேன். தீந்துபோச்சு, டவுனுக்குப் போக முடியல," என்று என்னையே குற்றம் சொல்வதுபோலச் சொன்னார். என் கார் டிக்கியில், எப்போதோ லாரியிலிருந்து இறக்கும்போது கிழிந்துபோன அரை மூட்டைக் கல்லுப்பு கிடந்தது. பூனைகளை விலக்கிவிட்டு அதை எடுத்து வந்தேன். கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று அவர் நர்ஸ் குரலில் உத்தரவு போட்டார்.

என் மனைவி உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பை வைத்துக்கொண்டு சிவப்புப் பசுவின் முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை அது அவளைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. கையை நக்கியது.

"கூசுது," என்றாள். "ஏங்க, கூசுது!"

அந்தக் குரலை நான் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை. உப்பு தீர்ந்தது. பசு போகவில்லை. தாடையைத் தூக்கி அவள் தோளில் வைத்துக்கொண்டு, இருக்கிற ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் உப்பு வரும் என்ற எதிர்பார்ப்பில்கூட அது நின்றிருக்கலாம். அந்த வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதில் எது உருப்படி என்று தெரியாது. பேசாமல் விட்டதில் அதுதான் உருப்படியானது.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைக் கேட்டார்: "உப்பு மூட்டையும் கையுமா இருக்கீகளே, நீங்க என்ன வேலை பாக்குறீக?"

"ஐஸ் கம்பெனி."

"குச்சி ஐஸா?"

"கொஞ்சம் பெரிய ஐஸ்," என்று நான் சமாளிக்கப் பார்த்தேன்.

"மீனுக்குப் போடுற ஐஸு," என்றாள் என் மனைவி. அவள் யாரிடமும் எதையும் மறைப்பதில்லை, முக்கியமாக என்னைப் பற்றி.

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கருவேலங்காட்டுக்குள் என்னைப் புதைக்க இடம் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியில், "மிச்ச உப்பையும் இறக்கி வச்சுட்டுப் போங்க," என்றார்.

திரும்ப ராமநாதபுரம் வந்து, தேவிபட்டினம் வழியாகக் காரங்காடு போய்ச் சேர்ந்தோம். படகு அலையாத்தி மரங்களுக்கு நடுவில் மெதுவாகப் போனது. தண்ணீருக்குள் வேர்கள் கால் பரப்பி நின்றன. காற்று குளுமையாக இருந்தது. ஒரு கொக்கு எங்களுக்கு நேராக நின்று, ஒரு மீனைக் கொத்தி, தலையை அண்ணாந்து விழுங்கியது.

"அதுக்கு யாரும் வீடியோ காட்டலையா?" என்று கேட்டேன்.

"அது கொக்கு. அதுக்கு அது போதும்," என்றாள். "நீங்க கொக்கா?"

படகுக்காரர் திரும்பி என் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

கரைக்கு வந்ததும் கீற்றுக் கொட்டகையில் சாப்பாடு. போனில் பேசிய அம்மாதான் பரிமாறினார். என் இலையில் நண்டை வைத்துவிட்டு, என் மனைவியின் இலையில் சோறு, வத்தக்குழம்பு, அவரைக்காய், துவையல் எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன வியாதிக்கா? டாக்டரு எத்தனை நாளைக்குச் சொல்லியிருக்காரு?" என்று கேட்டார்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் இது வேண்டுமா என்றிருந்தது.

"வியாதி ஒண்ணும் இல்ல. நானா விட்டுட்டேன்," என்றாள் என் மனைவி.

"நீங்களாவா? ஏன்?"

என் மனைவி கரும்பலகை பாணியில் ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஆரம்பிக்கவில்லை. "பிடிக்கல. மனசு வரல," என்று மட்டும் சொன்னாள்.

அந்த அம்மா கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "அக்கா, வெளிய சொல்லிப்புடாதீக. நான் நண்டு தொட்டுத் தின்னு வருசக்கணக்காச்சு. விடிஞ்சா ஓட்டை உடைக்கிறதும் கழுவுறதும்தான் சோலி. நகத்துலயே அந்த வாசம். சோத்துல கைய வச்சாக் குமட்டுது. வீட்டுல சொன்னா, நண்டு விக்கிறவ நண்டு பிடிக்கலைங்கிறான்னு சிரிக்கிறாக."

"அப்ப என்ன சாப்பிடுவீங்க?"

"எல்லாரும் போன பொறவு ரசத்த ஊத்தி முழுங்குவேன்."

என் மனைவி நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "வத்தக்குழம்பு நெறைய இருக்குல்ல? ஒரு இலையப் போட்டு உக்காருங்க."

அந்த அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரெண்டு பேரும் ஒரே சட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். சுண்டைக்காயை வெயிலில் எத்தனை தரம் போடுவது, துவையலுக்குப் புளி முதலிலா கடைசியிலா, அந்த அம்மாவின் மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நடுவில் என் மனைவி ஏதோ காதோடு சொல்ல, அந்த அம்மா என் ஷூவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் நண்டின் காலை உடைத்துக்கொண்டு எதிர் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று ரெண்டு தடவை சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. எழுந்து போய் நானே மொண்டு குடித்துவிட்டு வந்தேன். நண்டு அருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.